எம்.புக்கில் ஏறாத வேலை

புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் மலைச் சரிவில் சத்தியகிரீசுவரர் கோயிலும் சத்தியமூர்த்திப் பெருமாள் கோயிலும் அடுத்தடுத்து இருக்கின்றன. வருமானத்தைப் பங்கிடுவதில் இரு கோயிலாருக்கும் நெடுநாள் வழக்கு. 1245-இல் போசளரின் தண்டநாயகர் அப்பண்ணர் முன்னிலையில் அது பேசித் தீர்க்கப்பட்டது. தீர்ந்த விதத்தைப் பாறையிலேயே வெட்டி வைத்தார்கள். வழக்காடிய இரு தரப்பாரும், அவர்களுக்குப் பின் வந்தவர்களும், வேண்டியபோது போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

அதே மாவட்டத்தில் இன்று ஒரு கண்மாய்க் கரையை உயர்த்தினாலும், பள்ளிக்கு இரண்டு வகுப்பறை கட்டினாலும், நடந்த வேலைக்குச் சாட்சி ஒரு புத்தகத்துக்குள் இருக்கிறது. அளவுப் புத்தகம் என்பது ஏட்டுப் பெயர். அலுவலகத்திலும் ஒப்பந்தக்காரர்கள் பேச்சிலும் அது எம்.புக். பக்க எண் அச்சிட்ட புத்தகம். அதில் தாளைக் கிழிக்கக் கூடாது, எழுதியதை அழிக்கக் கூடாது. பொறியாளர் அளந்து எழுதுவார், மேலதிகாரி சரிபார்ப்பார், ஒப்பந்தக்காரர் அளவை ஒப்புக்கொண்டு கையெழுத்திடுவார். அதில் ஏறிய வேலைக்குத்தான் பில். ஏறாத வேலைக்குப் பணம் கேட்பவர், அந்த வேலை நடந்தது என்பதையே முதலில் மெய்ப்பிக்க வேண்டும்.

கட்டுமான ஒப்பந்தத் தகராறு என்றதும் சட்டப் பிரிவுகளை எண்ணத் தொடங்குகிறோம். தீர்ப்புகளை வரிசையாகப் படித்தால் வேறொன்று தெரிகிறது. வென்றவரையும் தோற்றவரையும் பிரித்தது, பெரும்பாலும், வேலை நடந்த நாளிலேயே எழுதிய ஒரு கடிதம் அல்லது எழுதாமல் விட்ட ஒரு கடிதம். இதைப் புதுக்கோட்டையில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. இங்கே வேலைகளில் பெரும்பகுதி மண்ணும் நீரும் சார்ந்தது. மண்வேலை போலத் தடயமில்லாமல் மறையும் வேலை வேறில்லை.

மாவட்டத்தில் 5,000-க்கும் மேற்பட்ட கண்மாய், குளங்கள். நீரைத் திறந்துவிடும் மதகுக்குக் குமிழி என்ற பழைய பெயர் இந்த வட்டாரக் கல்வெட்டுகளில் உண்டு. குமிழிக் கல்லில் அதை அமைத்துக் கொடுத்தவர் பெயரைப் பொறிக்கும் வழக்கமும் இருந்தது. கட்டியவர் யார், எதற்குக் கட்டினார் என்பதை வேலையின் மேலேயே எழுதிவிட்டார்கள். இன்றைய கரை வேலைக்கு அந்த வசதி இல்லை. ஒரு கண்மாயைத் தூர்வாரிக் கரையைப் பலப்படுத்தும் வேலையை எடுத்துக்கொள்வோம். தொடங்கும் முன் தரைமட்டம் எடுக்க வேண்டும். முடித்த பின் மறுபடி எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடுதான் வேலையின் அளவு. முதல் மட்டத்தை ஒப்பந்தக்காரர் இல்லாமல் எடுத்திருந்தாலோ, பழைய எஸ்டிமேட்டில் இருந்ததை அப்படியே எடுத்து எழுதியிருந்தாலோ, பின்னால் வரும் எந்தக் கணக்கும் சண்டைதான். அந்தக் காலத்து மண்வெட்டுக்காரர்கள் இதற்கு ஓர் எளிய வழி வைத்திருந்தார்கள். தோண்டிய குழியின் நடுவே தோண்டாத மண்மேடு ஒன்றை அப்படியே நிறுத்திவிடுவார்கள். பழைய தரை எந்த உயரத்தில் இருந்தது என்பதற்கு அந்த மேடே சாட்சி. அளந்து முடித்த பிறகுதான் அதை வெட்டுவார்கள். எழுத்தறியாத தொழிலாளியும் தன் கூலியை அதைக் காட்டிக் கேட்க முடிந்தது. ஒப்பந்தச் சட்டம் என்று நாம் சொல்வதில் பாதி அந்த மேட்டுக்குள் இருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது.

மண்ணில் இன்னொரு சிக்கல் பருவம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை வந்து கண்மாய் நிறைந்தால் கரையில் புது மண் நிற்காது. வேலை செய்யக் கிடைப்பது கோடை மாதங்கள் மட்டும். கல்லணைக் கால்வாயில் இது இன்னும் இறுக்கம். 1934-இல் மேட்டூர்த் திட்டத்தோடு வந்த அந்தக் கால்வாய் தஞ்சைப் பகுதியைத் தாண்டி, அறந்தாங்கிப் பக்கம் வந்து மும்பாலை ஏரியில் முடிகிறது. மேட்டூர் அணை திறக்கும் மரபான நாள் ஜூன் 12; மூடுவது ஜனவரி 28. இடைப்பட்ட நான்கரை மாதத்தில்தான் கால்வாய்க்குள் இறங்கி வேலை செய்ய முடியும். அந்தக் கால்வாயைப் புதுப்பிக்க 2,640 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2021 பிப்ரவரி 14 அன்று அடிக்கல் நாட்டினார்கள். தரையிலும் கான்கிரீட் போட்டால் நிலத்தடி நீர் ஊறாது என்று கரையோர விவசாயிகள் எதிர்த்தார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் துறையும் ஒப்பந்தக்காரரும். கால்வாய் நீரை நம்பி வாழ்பவர் அதில் இல்லை. ஒப்பந்தச் சட்டத்தில் அவர் மூன்றாம் மனிதர். ஆனால் அவர் எதிர்ப்பால் வேலை நின்றால், அந்த நாள்களுக்கு எந்திர வாடகையும் ஆள் கூலியும் யார் தலையில் விழும் என்ற கேள்வி ஒப்பந்தத்துக்குள்தான் எழுகிறது.

பெரும்பாலான வழக்குகளின் வேர் இங்கே இருக்கிறது. இடத்தை முழுமையாக ஒப்படைக்காமல், வரைபடத்தை இறுதி செய்யாமல், மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் அகற்றாமல் வேலை உத்தரவு கொடுத்துவிடுகிறார்கள். கெடு மட்டும் உத்தரவுத் தேதியிலிருந்து ஓடுகிறது. அதே 2021 பிப்ரவரியில் விராலிமலை வட்டம் குன்னத்தூரில் காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு அடிக்கல் நாட்டினார்கள். நீளம் 262 கிலோமீட்டர், மதிப்பு 14,400 கோடி. முதல் கட்டம் கரூர் மாவட்டத்தின் கட்டளைக் கதவணையிலிருந்து புதுக்கோட்டையின் தெற்கு வெள்ளாறு வரை 118 கிலோமீட்டர். இவ்வளவு நீளக் கால்வாய்க்கு நிலம் எடுப்பது என்பது ஆயிரக்கணக்கான பட்டாக்களைத் தனித்தனியே தீர்ப்பது. இடையில் ஒரு துண்டு நிலம் வராவிட்டால் அதன் இரு பக்கமும் வெட்டிய கால்வாய் காத்துக் கிடக்கும்.

தாமதத்துக்குச் சட்டம் என்ன சொல்கிறது? 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 55-ஆம் பிரிவில் ஓர் எளிய விதி இருக்கிறது. மறுதரப்பு காலம் தவறிச் செய்வதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும் அந்த நேரத்திலேயே “இழப்பீடு கேட்பேன்” என்று அறிவித்திருக்க வேண்டும். பிறகு நினைவு வந்து கேட்டால் கிடைக்காது. இது இரு தரப்பையும் வெட்டும் கத்தி. ஆறு மாதம் பிந்தி இடம் கிடைத்த ஒப்பந்தக்காரர், கால நீட்டிப்புக்கு மனுக் கொடுக்கும்போது கூடுதல் செலவைப் பற்றி ஒரு வரி எழுதுவதில்லை. எழுதினால் பொறியாளர் முகம் சுளிப்பார், அடுத்த பில் தாமதமாகும் என்ற பயம். பல இடங்களில், நீட்டிப்பு வேண்டுமென்றால் கூடுதல் தொகை கோரமாட்டேன் என்று எழுதிக் கொடு என்றே கேட்கிறார்கள். அந்த ஒரு தாளில் அவர் வழக்கு முடிந்துவிடுகிறது.

எழுதிய ஒருவரின் கதையும் உண்டு. ஐதராபாத் மாநகராட்சிக்கும் எம். கிருஷ்ணசாமி முதலியார் என்ற ஒப்பந்தக்காரருக்கும் நடந்த வழக்கில் 1985-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நிதி நெருக்கடி என்று சொல்லி, குறித்த காலத்தைத் தாண்டி வேலையை நீட்டிச் செய்யச் சொன்னார்கள். செய்கிறேன், ஆனால் 20 விழுக்காடு கூடுதலாக வேண்டும் என்று அவர் அப்போதே கடிதம் எழுதினார். வேண்டாம் என்று பதில் வரவில்லை; வேலையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். அந்த 20 விழுக்காடு அவருக்குக் கிடைத்தது. இதை வைத்து நீதிமன்றம் எப்போதும் ஒப்பந்தக்காரர் பக்கம் என்று எண்ணிவிடக் கூடாது. 2007-இல் ராம்நாத் இன்டர்நேஷனல் வழக்கில், தாமதத்துக்குக் கால நீட்டிப்பு மட்டுமே, பணம் கிடையாது என்று ஒப்பந்தம் சொன்னால் அதுவே செல்லும் என்று தீர்ப்பானது. ஆகவே அந்தப் பிரிவு தன் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்பதை ஒப்பந்தப்புள்ளி போடும் முன்பே பார்த்தாக வேண்டும். இருந்தால் தாமதச் செலவையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும். போட்டியில் குறைத்துப் போடும் சிறு ஒப்பந்தக்காரர் அப்படிச் செய்வதில்லை. ஐந்தாறு பேர் எஸ்டிமேட்டுக்குக் கீழே விலை போடும்போது, நியாயமான விலை போட்டவர் வீட்டுக்குப் போகிறார்.

கோரிக்கை இல்லை என்று எழுதிக் கொடுத்தவர்களுக்கு ஒரு சிறு கதவு திறந்திருக்கிறது. 2004-இல் என்.டி.பி.சி. – ரேஷ்மி கன்ஸ்ட்ரக்‌ஷன்ஸ் வழக்கில், அப்படி எழுதினால்தான் இறுதிப் பில் என்ற நிலையில் கொடுத்த கையெழுத்து, வழக்கைத் தானாகவே அடைத்துவிடாது என்றது உச்ச நீதிமன்றம். அந்த ஒப்பந்தக்காரர் கையெழுத்திட்டதோடு நிற்கவில்லை. வேறு வழியில்லாமல் போட்ட கையெழுத்து அது என்று தனிக் கடிதமும் கொடுத்திருந்தார். மறுபடியும் ஒரு கடிதம்தான்.

இனி, வாய்மொழியாகச் சொல்லிச் செய்யவைக்கும் வேலை. புதுக்கோட்டையின் 13 ஒன்றியங்களில் நூற்றுக்கணக்கான ஊராட்சிகள். அங்கே நடக்கும் சிறு வேலைகளில் எஸ்டிமேட்டோடு முடிந்தது எது என்று தேடித்தான் பார்க்க வேண்டும். பாலத்துக்கு அடித்தளம் தோண்டினால் எதிர்பார்த்த கெட்டி மண் வராது. இன்னும் மூன்றடி போ என்பார் பொறியாளர். அமைச்சர் வருகிறார், பாதையைச் சேர்த்துப் போட்டுவிடு என்பார் இன்னொருவர். அப்புறம் ரிவைஸ்டு எஸ்டிமேட் போட்டுக்கொள்ளலாம் என்பது உறுதிமொழி. சொன்னவர் மாற்றலாகிப் போய்விடுவார். புதிதாக வந்தவர் கோப்பைப் புரட்டுவார். அதில் ஒன்றும் இருக்காது. அவர்மேலும் குற்றமில்லை. மண்ணுக்குள் போன அந்த மூன்றடியை அவர் பார்க்கவில்லை. பார்க்காததை அளந்ததாக எழுதினால் தணிக்கையில் அவர் வேலை போகும்.

அரசோடு செய்யும் ஒப்பந்தம் எழுத்தில், ஆளுநர் அல்லது குடியரசுத் தலைவர் பெயரில், அதிகாரம் பெற்றவர் கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 299-ஆம் கூறு சொல்கிறது. அப்படியானால் வாய்மொழி வேலைக்கு ஒன்றுமே இல்லையா? இதற்கான பதில் வங்காளத்தில் ஒரு கிடங்கிலிருந்து வந்தது. 1944-இல் ஆரம்பாக் என்ற ஊரில் உணவு வழங்கல் துறை அதிகாரிகள் கேட்டதன் பேரில் பி.கே. மண்டல் நிறுவனத்தார் மண்சாலையும் காவலர் அறையும் சமையலறையும் கட்டிக் கொடுத்தார்கள். முறையான ஒப்பந்தம் இல்லை. கட்டியதை அரசு பயன்படுத்தியது. பணம் கேட்டபோது, ஒப்பந்தமே செல்லாது என்றது. 1961 டிசம்பரில் உச்ச நீதிமன்ற ஐவர் அமர்வு ஒப்பந்தச் சட்டத்தின் 70-ஆம் பிரிவைக் கையில் எடுத்தது. சட்டப்படியான வேலை, இனாமாகச் செய்யாத வேலை, மறுதரப்பு ஏற்றுப் பயனடைந்த வேலை என்ற மூன்றும் இருந்தால், ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் ஈடு கொடுத்தாக வேண்டும் என்றது. வேண்டாம் என்று மறுக்கும் உரிமை அரசுக்கு இருந்தது. மறுக்காமல் அனுபவித்துவிட்டு, தாளில் இல்லை என்று சொல்ல முடியாது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் எனக்கு மிகவும் மதிப்புக்குரிய பிரிவு இது. கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு மண்சாலைக்கும் சமையலறைக்கும் காசு கிடைக்க 17 ஆண்டு ஆனது.

அந்த 17 ஆண்டு இன்று எவ்வளவு குறைந்திருக்கிறது? விடை, எந்த வாசலில் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது. பெரிய நிறுவனங்களுக்கு நடுவர் மன்றம் இருக்கிறது. பழைய அரசு ஒப்பந்தங்களில், தகராறு வந்தால் அதே துறையின் மேற்பார்வைப் பொறியாளர் ஒருவர்தான் நடுவர். பணம் தர வேண்டியவரின் ஊழியரே தீர்ப்பாளர் என்ற இந்த ஏற்பாட்டை நடுவர் தீர்ப்புச் சட்டத்தின் 2015-ஆம் ஆண்டுத் திருத்தம் முடக்கியது. ஒரு தரப்பே நடுவரைத் தன்னிச்சையாக நியமிப்பது சமத்துவத்துக்கு எதிரானது என்று 2024 நவம்பர் 8 அன்று அரசியல் சாசன அமர்வு பொதுத்துறை ஒப்பந்தங்களுக்குத் திட்டவட்டமாகச் சொன்னது. ஒப்பந்தத்தை மீறியது யார் என்பதை வேலை கொடுத்தவரே முடிவு செய்ய முடியாது என்று குவாஹாத்தி விமான நிலையக் கட்டட வழக்கில், ஜே.ஜி. என்ஜினியர்ஸ் தீர்ப்பில், 2011-இலேயே சொல்லியிருந்தார்கள். இவ்வளவு நல்ல தீர்ப்புகள் வந்த காலத்திலேயே, 2024 ஜூனில், மத்திய நிதி அமைச்சகம் தன் துறைகளுக்கு ஒரு குறிப்பாணை அனுப்பியது: நடுவர் தீர்ப்பு முறையைப் பொதுவாக 10 கோடிக்குக் குறைவான தகராறுகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய வழக்குகளில் காலம் எதைத் தின்கிறது என்பதற்குச் சென்னை துறைமுகம் – மதுரவாயல் பறக்கும் சாலை சாட்சி. 2009 ஜனவரியில் அடிக்கல் நாட்டியது. மதிப்பு 1,815 கோடி. கூவத்துக்குள் தூண்கள் நீரோட்டத்தைத் தடுக்கின்றன என்று 2012-இல் மாநில அரசு வேலையை நிறுத்தியது. 2014-இல் உயர் நீதிமன்றம் அனுமதித்தும் வேலை நகரவில்லை. 2022 மே மாதம் இரண்டடுக்குச் சாலையாக மறுபடி அடிக்கல் நாட்டியபோது மதிப்பு 5,850 கோடியைத் தாண்டியிருந்தது. பாதியில் நின்ற தூண்களை ஒரு தலைமுறை பார்த்து வளர்ந்தது.

புதுக்கோட்டைச் சிறு ஒப்பந்தக்காரர் பெரும்பாலும் இந்த வாசல்களுக்குள் வருவதேயில்லை. அவர் ஒப்பந்தத்தில் நடுவர் பிரிவு இருந்தால் அதிசயம். மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். தமிழ்நாட்டில் 2017-இல் நீதிமன்றக் கட்டணத்தை ஏழரையிலிருந்து 3 விழுக்காடாகக் குறைத்தது உண்மையிலேயே நல்ல செயல். இருந்தாலும் 30 லட்சம் பாக்கிக்கு 90,000 ரூபாய் முதலில் கட்ட வேண்டும். உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் ரிட் மனுப் போடுவது இன்னொரு வழி. பில் தொகையைத் துறை ஒப்புக்கொண்டிருந்தால் அது பலன் தரும். அளவிலேயே தகராறு என்றால், உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போ என்ற பதில் வர வாய்ப்பு அதிகம். வேலைக்கான கூலியைக் கேட்கும் வழக்குக்கு, வேலை முடிந்ததிலிருந்து 3 ஆண்டுதான் காலவரம்பு. பார்க்கிறோம், அடுத்த நிதி வரட்டும் என்ற வாக்கை நம்பி உட்கார்ந்திருப்பவருக்கு அந்த 3 ஆண்டு போவது தெரிவதில்லை. இதற்குள் சிமென்ட் கடைக்கும் டிப்பர்காரருக்கும் பாக்கி நிற்கும். வீட்டு நகை வங்கியில் இருக்கும். நிலுவைப் பில் என்று கணக்கில் ஒரு வரியாகத் தெரிவது, கீழே போகப் போகக் கொத்தனாரின் சனிக்கிழமைக் கூலி.

விலை மாற்றமும் இப்படித்தான். அரசுக் கட்டுமான வேலைக்கான ஜி.எஸ்.டி. 2022 ஜூலை 18 முதல் 12-லிருந்து 18 விழுக்காடானது. பழைய வரிக்கு விலை போட்டு நடுவில் மாட்டியவர்களுக்கு அந்த வேறுபாட்டைத் தருவது யார் என்பது ஒப்பந்த வாசகத்தைப் பொறுத்த வழக்கானது. 2025 ஏப்ரலில் கனிம நிலங்களுக்கு மாநில அரசு புது வரி விதித்தபோது கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜல்லி, எம்-சாண்ட் வரத்து நின்றது. கல்குவாரிகள் நிறைந்த இந்த மாவட்டத்திலேயே கல்லுக்குக் காத்திருக்க வேண்டிய நிலை.

வீடு கட்டுவோர் கதை தனி. அங்கே எம்.புக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மேஸ்திரியிடம் பேசி, ஒரு நல்ல நாளில் அட்வான்ஸ் கொடுத்து வேலை தொடங்குகிறார்கள். சதுர அடி என்பது சுவரின் வெளிப்புறத்திலிருந்தா, சன்ஷேடும் படிக்கட்டும் சேருமா, செப்டிக் டேங்க் யார் கணக்கு, பூச்சுக்கு எம்-சாண்டா ஆற்று மணலா? கேட்டால் நம்பிக்கை இல்லையா என்று மேஸ்திரி வருத்தப்படுவார் என்று யாரும் கேட்பதில்லை. லிண்டல் மட்டம் வரும்போது கொடுத்த பணம் வேலையைத் தாண்டியிருக்கும், அல்லது வேலை பணத்தைத் தாண்டியிருக்கும். ஏதோ ஒரு பக்கம் சந்தேகம் தொடங்கும். வெளிநாட்டில் இருப்பவர் கட்டும் வீடென்றால், வாட்ஸ்அப்பில் வரும் படம்தான் அவருடைய அளவுப் புத்தகம். அந்தப் படங்களை அழிக்காமல், அனுப்பிய தேதியோடு வைத்திருந்தால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்தின்படி உரிய சான்றிதழோடு அவை நீதிமன்றத்தில் ஏறும். வீடு கட்டித் தருவதும் சேவையே என்பது 1990-களிலிருந்து உறுதியான சட்டம். 50 லட்சம் வரை கொடுத்த வேலைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், 2 ஆண்டுக்குள், வழக்கறிஞர் இல்லாமலேயே மனுப் போடலாம். ஆனால் ஆணையம் கேட்கும் முதல் கேள்வி, என்ன பேசினீர்கள், எங்கே எழுதியிருக்கிறீர்கள் என்பதுதான். முத்திரைத் தாளில் இரண்டு பக்கம் எழுதி இருவரும் கையெழுத்திட்டால், அது மேஸ்திரிக்கும் காப்பு. வீட்டுக்காரர் இடையில் மனம் மாறிச் சுவரை இடிக்கச் சொன்னதற்கு அவரிடமும் வேறு சாட்சி இல்லை.

வெளிநாட்டில் இருந்தபடி ஊரில் வீடு கட்டுபவர்களில் பலர் சிங்கப்பூரில் கட்டுமானத் தொழிலாளிகள். அவர்கள் கம்பி கட்டும் அந்த ஊரில் 2005 ஏப்ரல் முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. துணை ஒப்பந்தக்காரர் பில் கொடுத்துப் பணம் வராவிட்டால் தீர்ப்பாளரிடம் போகலாம்; அவர் பொதுவாக 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். முதலில் பணத்தைக் கொடு, தகராறு இருந்தால் பிறகு முறையாக வழக்காடு என்பது அதன் போக்கு. மேலிடத்திலிருந்து எனக்கு வந்தால்தான் உனக்கு என்ற நிபந்தனை அங்கே செல்லாது. இங்கிலாந்து 1996-இலேயே 28 நாள் கெடுவோடு இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் இதற்கு இணையான சட்டம் இல்லை. ஆலங்குடிப் பக்கத்து இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் கட்டிய தூணுக்கான பில், அவருடைய முதலாளிக்குச் சில மாதங்களில் தீர்ந்துவிடும். ஊரில் அவர் அண்ணன் கட்டிய சிறு பாலத்துக்கான கூடுதல் தொகை, அடித்தளத்தில் போன மூன்றடியோடு சேர்ந்து, இன்னும் மண்ணுக்குள்ளேயே கிடக்கலாம்.

இதற்குச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லாத சில காரியங்கள் இருக்கின்றன. மூடப்போகும் எந்த வேலையையும் மூடும் முன் இரு தரப்பும் நின்று அளக்கலாம். அன்றே எம்.புக்கில் ஏற்றி, அந்தப் பக்கத்தின் நகலை ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கலாம். கூடுதல் வேலைக்குக் கைப்பேசியில் சொல்வதை ஒரு வரிக் குறிப்பாக எழுதி, தேதி போட்டுக் கொடுக்கலாம். நிலத்தை ஒப்படைத்த நாளிலிருந்து கெடுவை எண்ணலாம். காவிரி – குண்டாறு கால்வாய் தெற்கு வெள்ளாற்றைத் தொடுவதற்குள் இன்னும் எவ்வளவோ மண் வெட்ட வேண்டியிருக்கிறது. முதல் மட்டம் எடுக்கும்போது யார் யார் அங்கே நிற்கிறார்கள் என்பதைக் குன்னத்தூர்க்காரர்களே பார்க்கலாம்.